எதிர்த்துப் பிடிச்சா வலிக்கும்



இம்மாதம் வந்த கடிதங்களில் ஒன்று இன்னும் என் மேசைமேல் கிடக்கிறது. பத்தாம் வகுப்பில் படிக்கும் மகனுக்குப் பாடம் சொல்லித்தரும் ஒரு தாயார் எழுதியது. “கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்தால் வலி குறையும் என்று அவன் புத்தகத்தில் போட்டிருக்கிறது. பந்து அதே பந்து. வந்த வேகமும் அதே வேகம். எப்படிப் பிடித்தாலும் கடைசியில் அது கைக்குள் நின்றுதானே ஆக வேண்டும்? அப்புறம் வலி மட்டும் எப்படிக் குறையும் என்று கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுது, மார்க் கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை.”

மனசு கேட்காதது நல்லதாகப் போயிற்று. பையனின் கேள்வி லேசுப்பட்டதல்ல. ‘எப்படிப் பிடித்தாலும் பந்து நின்றுதான் ஆக வேண்டும்’ என்கிறானே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. மீதிப் பாதியை இந்தப் பக்கத்தில் எழுதிப் பார்க்கிறேன். கொஞ்சம் பெருக்கல் வகுத்தல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரிக்கெட் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை இருக்கலாம் என்பது விதி. கணக்குக்கு 160 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் கைக்கு வருகிறது. நிறையை வேகத்தால் பெருக்கினால் 4 வரும். இதுதான் பந்தின் உந்தம். இந்த நாலைப் பூஜ்யமாக்காமல் பந்து நிற்காது. கையை இழுத்தாலும் சரி, கட்டைபோல நீட்டிக்கொண்டு நின்றாலும் சரி, தீர்க்க வேண்டிய கணக்கு 4தான். இதுவரை பையன் சொல்வது முழுக்க முழுக்கச் சரி.

அவன் விட்டுவிட்டது நேரத்தை. கை பந்தின்மேல் செலுத்தும் விசையை, அது செயல்பட்ட நேரத்தால் பெருக்கினால் வருவதற்குக் கணத்தாக்கு என்று பெயர். உந்தம் எவ்வளவு மாறியதோ, கணத்தாக்கும் அவ்வளவு. நம் கணக்கில் அந்தப் பெருக்குத்தொகை 4 ஆக வந்தாக வேண்டும். பெரிய விசையைச் சிறிய நேரத்தால் பெருக்கியும் 4 வரவழைக்கலாம். சிறிய விசையைப் பெரிய நேரத்தால் பெருக்கியும் வரவழைக்கலாம். எது வேண்டும் என்பது பிடிப்பவர் கையில் இருக்கிறது.

கையை விறைப்பாக வைத்துப் பிடித்தால் பந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் 4 பங்கு. நாலை அதனால் வகுத்தால் விசை 1,000 நியூட்டன். சுமார் 100 கிலோ எடை, கண்ணிமைப்பதற்குள் உள்ளங்கையில் ஏறி இறங்குகிறது. கையை அரை மீட்டர் பின்னால் இழுத்துக்கொண்டே பிடித்தால் நேரம் பத்து மடங்காகிறது. விசை பத்தில் ஒன்றாக, சுமார் 10 கிலோ எடைக்கு இறங்கிவிடுகிறது. முதல் பந்தில் விரல் முறியலாம். இரண்டாவதில் கை கொஞ்சம் சிவக்கும், அவ்வளவுதான். (மட்டையாளரின் காலடியிலேயே, ஷார்ட் லெக்கில், ஹெல்மெட்கூட இல்லாமல் நின்று 27 டெஸ்டுகளில் 53 கேட்ச் பிடித்த ஏக்நாத் சோல்கரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை கூசும். அங்கே கையை இழுக்க ஏது அவகாசம்!)

நியூட்டனும் இதை இந்த வழியில்தான் சொன்னார். 1687இல் வந்த ‘பிரின்சிபியா’வில் இரண்டாம் விதி இருக்கிறது. நாம் பள்ளியில் உருப்போட்ட ‘விசை என்பது நிறை பெருக்கல் முடுக்கம்’ என்ற வாய்பாடு அங்கே அந்த உருவத்தில் கிடையாது. ஒரு பொருளின் ‘இயக்க அளவு’ மாறுவது அதன்மேல் செலுத்தப்பட்ட விசையைப் பொறுத்தது என்கிறார் அவர். இயக்க அளவு என்று அவர் சொன்னது நிறையையும் வேகத்தையும் சேர்த்த அளவை, அதாவது நம்முடைய உந்தத்தை. அவருக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1668இல், லண்டன் ராயல் சொசைட்டி ‘இரண்டு பொருள்கள் மோதினால் என்ன நடக்கும், சொல்லுங்கள்’ என்று அறிஞர்களைக் கேட்டிருந்தது. வாலிஸ், ரென், ஹைகன்ஸ் மூவரும் விடை அனுப்பினார்கள். இந்த ரென் கட்டடக்கலைஞரும்கூட. லண்டனின் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டியவர் அவர்தான்.

கட்டடம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்து மனையில் வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. முதல் தளத்துக்குச் சுவர் வைக்கிறார்கள். தரையில் ஒருவர், சாரத்தின்மேல் ஒருவர். கீழே நிற்பவர் குனிந்து செங்கல்லை எடுத்து மேலே வீசுகிறார். மேலே நிற்பவர் அதை வாங்கிப் பக்கத்தில் அடுக்குகிறார். ஒரு கல் 3 கிலோ அளவுக்கு இருக்கும். சத்தமே கேட்பதில்லை. பட்டென்று ஒரு அறை, தட்டென்று ஒரு மோதல், எதுவும் இல்லை. புரூஃப் பார்க்க வேண்டிய நேரத்தில் ஜன்னல் ஓரம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை உதவி ஆசிரியர்கள் உங்களிடம் போட்டுக்கொடுப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

கவனித்தால் சூட்சுமம் வீசுபவரிடம் இருக்கிறது. 3 மீட்டர் உயரம் ஏற வேண்டுமென்றால் கல் அவர் கையை விட்டுக் கிளம்பும்போது நொடிக்கு 8 மீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகம் வேண்டும். ஏற ஏறப் புவியீர்ப்பு அந்த வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகிறது. சரியாகச் சாரத்தின் உயரத்துக்கு வரும்போது கல் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறது. அந்தக் கணத்தில்தான் மேலே நிற்பவரின் கை அதைத் தொடுகிறது. நிறுத்துவதற்கு உந்தம் ஏதும் மிச்சமில்லை. அவர் செய்ய வேண்டியது வாங்கி வைப்பது மட்டும்தான். கொஞ்சம் கூடுதலாக வீசிவிட்டால் கல் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். அப்போது அவர் கையும் கல்லோடு சேர்ந்து கொஞ்சம் மேலே போய், அங்கே நின்று, கல்லோடு இறங்குகிறது.

ஒருநாள் அந்த இடத்தில் புதுப் பையன் ஒருவன் நின்றான். அவனுக்கு அவசரம். ஏறி வரும் கல்லின்மேல் கையைக் கொண்டுபோய் அறைந்தான். கல் விழவில்லை, ஆனால் இரண்டே கல்லில் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கீழே நின்றவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: “எதிர்த்துப் பிடிச்சா வலிக்கும்டா தம்பி. கல்லு போற பக்கம் கை போவணும்.” கடிதம் எழுதிய தாயாருக்கு இதைவிடச் சுருக்கமான பதிலை என்னால் தர முடியாது. (அங்கே கல் சுமக்கும் அம்மா தலையில் வைத்திருக்கும் சும்மாட்டையும் இதோடு சேர்த்துவிடாதீர்கள். அது பாரத்தைப் பரப்பித் தரும் வேலை, வேறு பாடம்.)

நேரத்தைக் கூட்டினால் விசை குறையும் என்றால், நேரத்தைக் குறைத்தால் விசை கூடவும் வேண்டும். அது வேண்டும் என்றே செய்கிற காரியங்களும் உண்டு. சிதறு தேங்காயைக் கருங்கல்லில் ஓங்கி அடிக்கிறோம், மணலில் அடிப்பதில்லை. மணலில் தேங்காய் புதைந்து நிதானமாக நிற்கும், பிள்ளையாருக்கு ஒரு சில்லுகூடக் கிடைக்காது. ஆணி அடிப்பதும் இப்படித்தான். அரைக்கிலோ சுத்தியலை நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இறக்கினால் உந்தம் 3. ஆணித்தலையில் அது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் நின்றால் விசை 3,000 நியூட்டன், அதாவது 300 கிலோ எடை. ஆள் ஏறி நின்றாலும் இறங்காத ஆணி ஒரு தட்டில் இறங்குவது இதனால்தான். ஆணி அடிக்கும் தச்சரின் பக்கத்தில் தரைக்கு டைல்ஸ் ஒட்டுபவர் ரப்பர் சுத்தியலை வைத்துக்கொண்டிருப்பார். ரப்பர் அமுங்கி நேரத்தை நீட்டும். டைல்ஸ் உட்காரும், உடையாது. கிணற்றில் தட்டையாக விழுந்து வயிறு சிவந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மோதலில் இரண்டு பக்கமும் விசை ஒரே அளவுதான். பஸ் பைக்கை எவ்வளவு விசையோடு அடிக்கிறதோ, அவ்வளவு விசையோடு பைக்கும் பஸ்ஸை அடிக்கிறது. பலர் இதை நம்ப மாட்டார்கள். கேரம் ஆடியவர்கள் யோசித்துப் பார்க்கட்டும். ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம், காய் 5 கிராமும் சொச்சமும்தான். நேருக்கு நேர் அடித்தால் காய் பறக்கிறது, ஸ்ட்ரைக்கர் வேகம் குறைந்து பின்னாலேயே வருகிறது. இரண்டின்மேலும் கணத்தாக்கு ஒன்றுதான். லேசானது அதிகம் மாறுகிறது, கனமானது கொஞ்சம் மாறுகிறது. ஒரு காய் அதே எடையுள்ள இன்னொரு காயை நேராக இடித்தால் முதல் காய் கிட்டத்தட்ட அங்கேயே நின்றுவிட, இரண்டாவது அதன் வேகத்தை வாங்கிக்கொண்டு போய்விடும்.

இதைச் சாலைக்குக் கொண்டுவாருங்கள். ஆட்களோடு சேர்த்து 15 டன் பஸ், மணிக்கு 35 கிலோமீட்டரில் வருகிறது. எதிரே ஓட்டுபவரோடு சேர்த்து 200 கிலோ பைக், மணிக்கு 40இல். மோதி, பைக் பஸ்ஸின் முன்பக்கத்தில் ஒட்டிக்கொண்டதென்று வைத்தால், பஸ்ஸின் வேகம் 35இலிருந்து 34 ஆகும். ஒரே ஒரு கிலோமீட்டர். பைக்கோ 40இல் முன்னால் போய்க்கொண்டிருந்தது, 34இல் பின்னால் போகத் தொடங்குகிறது, மாற்றம் 74. கடைசி சீட்டில் தூங்குபவர் விழிக்காமலும் போகலாம். விசை சமம், விளைவு சமமில்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு பஸ்ஸை இடப்பக்கம் முந்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, பயம்தான் வருகிறது.

மனித உடம்பு எவ்வளவு தாங்கும்? இதைத் தன் உடம்பிலேயே பரிசோதித்துப் பார்த்த ஒரு மருத்துவர் இருந்தார். ஜான் பால் ஸ்டாப், அமெரிக்க விமானப்படை டாக்டர். 1954 டிசம்பர் 10ஆம் தேதி, நியூ மெக்சிகோவில் ஹாலமன் விமானத்தளத்தில், தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டியில் தன்னை வார்களால் இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி மணிக்கு ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டியது. பிறகு 1.4 நொடியில் நின்றது. உச்சத்தில் அவர் உடம்பின்மேல் இருந்த விசை அவர் எடையைப்போல் 46 மடங்கு. கண்ணில் இரத்தக் குழாய்கள் வெடித்துச் சிறிது நேரம் பார்வை இல்லை. பார்வை திரும்பியது, ஆளும் பிழைத்தார், 89 வயது வரை வாழ்ந்தார். நம் ஊரில் சாதாரண வேகத்தில் சுவரில் மோதுபவர் பிழைக்காமல் போக, ஆயிரம் கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றவர் பிழைத்தது எப்படி? அவருக்கு 1.4 நொடி கிடைத்தது. சுவர் அதில் நூறில் ஒரு பங்குகூடத் தராது.

ஸ்டாப் அதோடு விடவில்லை. விமானப்படை தன் ஆட்களைச் சாலை விபத்துகளிலும் ஏராளமாக இழப்பதைக் கண்டு, கார்களில் சீட் பெல்ட் வேண்டும் என்று பல ஆண்டுகள் மன்றாடினார். இடுப்பையும் மார்பையும் சேர்த்துப் பிடிக்கும் இன்றைய மூன்றுமுனை பெல்ட்டை 1959இல் வால்வோவின் பொறியாளர் நீல்ஸ் போலின் வடிவமைத்தார். அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வால்வோ அனுமதித்தது. வியாபார உலகில் அடிக்கடி பார்க்கக் கிடைக்காத காரியம். இன்று கார்களின் முன்பக்கம் லேசாக இடித்தாலே நசுங்குகிறது, ‘அந்தக் காலத்து வண்டி இரும்பு மாதிரி இருக்கும்’ என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. நசுங்குவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கினால் உள்ளே இருப்பவர் நிற்பதற்கு அரை மீட்டர் கிடைக்கிறது. நசுங்காத இரும்பு வண்டியில் அந்த வேலையை விலா எலும்பு செய்ய வேண்டியிருக்கும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்: தலை.

‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் தொடக்கம் நினைவிருக்கும். டி. ஈ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போகிறார், விழுகிறார். உண்மையில் நடந்தது 1935 மே 13ஆம் தேதி, இங்கிலாந்தின் டார்செட் பகுதியில். சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள்மேல் மோதாமலிருக்க வண்டியை ஒடித்தார். தலையில் ஒன்றும் அணிந்திருக்கவில்லை. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்துபோனார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். அவருக்கு அந்தச் சாவு மனதைவிட்டு அகலவில்லை. மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்டவர்களைப் பற்றித் தகவல் திரட்டி, 1941இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் ஹெல்மெட்டின் அவசியத்தை எழுதினார். அதே ஆண்டு பிரிட்டிஷ் இராணுவம் மோட்டார் சைக்கிள் ஓட்டும் தன் வீரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்குக் கட்டாயமாக 1973 வரை ஆனது. கெய்ர்ன்ஸ் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

நம் ஊரில் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு: “தெருமுனை கடைக்குத்தானே போறேன், இருபதுலதான் ஓட்டுறேன், இதுக்கு எதுக்கு ஹெல்மெட்?” இதற்கும் கணக்கு இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் வண்டியிலிருந்து சாய்ந்தாலே தலை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு ஒட்டி வந்துவிடும். வண்டி ஓடவே வேண்டாம், உயரம் போதும்.

ஒரு சுலபமான வகுத்தல் சொல்கிறேன். விழுந்த உயரத்தை, நிற்பதற்குக் கிடைத்த தூரத்தால் வகுத்துப் பாருங்கள். எடையைப்போல் எத்தனை மடங்கு விசை என்பது ஏறத்தாழக் கிடைத்துவிடும். வெறும் தலை சிமெண்ட் தரையில் 5 மில்லிமீட்டருக்குள் நின்றால் 1,500ஐ 5ஆல் வகுக்க வேண்டும், 300 மடங்கு. நாலரை கிலோ தலைக்கு 1,350 கிலோ எடை. அந்த 5 மில்லிமீட்டரும் தோலும் எலும்பும் கொடுத்தது. ஹெல்மெட்டுக்குள் 25 மில்லிமீட்டர் நசுங்கக் கிடைத்தால் 60 மடங்கு, அதாவது 270 கிலோ. வலிக்கும், மயக்கம்கூட வரலாம். ஆனால் எழுந்து உட்கார வாய்ப்பிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது இரண்டு சென்டிமீட்டர் தெர்மோகோல்.

ஆமாம், தெர்மோகோல்தான். ஹெல்மெட் என்றால் மேலே பளபளக்கும் ஓடு என்று நினைக்கிறோம். ஓடு தாக்கத்தைப் பரப்புகிறது, கூர்மையான கல் உள்ளே இறங்காமல் தடுக்கிறது. நேரத்தை வாங்கித் தருவது அதற்குள் இருக்கும் கெட்டியான தெர்மோகோல். அது நசுங்குகிறது, திரும்ப எழும்புவதில்லை. எழும்பக்கூடாது என்பதுதான் அதன் அழகு; பந்துபோல எகிறினால் தலையின் உந்தம் பூஜ்யத்தோடு நிற்காமல் மறுபக்கம் வேறு மாறும், கணத்தாக்கு இன்னும் கூடும். முடியைத் தொடும் மெத்தைப் பஞ்சு தலைக்குச் சுகமாக உட்காருவதற்காக வைத்தது. ரோட்டோரத்தில் இருநூறு முந்நூறுக்கு விற்கும் தொப்பிகள் பலவற்றில் அந்தப் பஞ்சு மட்டும்தான் இருக்கிறது. லேசாக அழுத்தினாலே தட்டையாகிவிடும் பஞ்சு எதையும் தடுக்காது. அது போலீஸ்காரரைத் தடுக்கும், தார்ச்சாலையைத் தடுக்காது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே 2021 ஜூன் முதல் சட்டப்படி குற்றம். ஆனாலும் விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

ஆகவே, இந்த இதழைக் கீழே வைத்ததும் உங்கள் ஹெல்மெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்கிறதா? பஞ்சை விலக்கி விரலால் அழுத்தினால் அடியில் கெட்டியாகத் தெர்மோகோல் தட்டுப்படுகிறதா? தாடைப் பட்டி சரியாகப் பூட்டுகிறதா? பூட்டாத ஹெல்மெட் உங்களுக்கு முன்பே தரையில் போய் விழுந்துவிடும். ஏற்கெனவே ஒருமுறை விபத்தில் அடிபட்டதென்றால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், உள்ளே தெர்மோகோல் நசுங்கிப் போயிருக்கும், தயங்காமல் மாற்றிவிடுங்கள். பின்னால் உட்காருகிற மனைவிக்கும் அம்மாவுக்கும் ஒன்று வாங்குங்கள், சட்டம் அவர்களுக்கும் சேர்த்துத்தான். டேங்கின்மேல் உட்காரவைத்துப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் பிள்ளைக்கும் வாங்குங்கள். ஒன்பது மாதத்திலிருந்து நாலு வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துப் பிணைக்கும் பாதுகாப்பு வாரும் வேண்டும், வேகம் 40ஐத் தாண்டக்கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதியே இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்